ஐம்பத்தெட்டு கிலோவாட் நல்ல நேரம்

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் என் தொலைபேசிக்கு வேலை வந்துவிடும். அடுத்த ஆண்டுக்கான மின்கட்டணத்தை ஊரூராக அறிவிப்பது அப்போதுதான். சூரிச் ஓர்லிகோனிலிருந்து ஒருவர், பேர்ண் பூம்ப்ளிஸிலிருந்து ஒருவர் என்று நான் முகமே பார்த்திராத ஆட்களெல்லாம் எடுப்பார்கள். "மீற்றர் அண்ணை, பாவிச்ச கரண்டுக்குக் காசு எண்டால் சரி. அதுக்குக் கீழ 'நெற்ஸ்' எண்டு இன்னொரு காசு போட்டிருக்கிறாங்களே, அது என்னத்துக்கு? நான் என்ன, கம்பியைப் பிடுங்கி வீட்டுக்குள்ளையோ வைச்சிருக்கிறன்?"

நான் ஓய்வு பெற்றுப் பல காலம். சம்பளம் நின்றுவிட்டது, கேள்வி நிற்கவில்லை. எங்கள் நகரசபையின் மின்பகுதியில் இப்போது வேலை பார்க்கும் சர்மிளா என்ற பிள்ளை போன மாதம் என்னைக் கடையில் கண்டு மறித்தாள். "அங்கிள், இதையெல்லாம் ஒருக்கா எழுதி வையுங்கோவன். இப்ப மீற்றர் தன்ர பாட்டிலை நம்பரை அனுப்புது. ஊசி எண்டு நீங்கள் சொல்லுறது எங்களுக்கு ஒண்டுமா விளங்கேல்லை."

எழுதுகிறேன். ஆனால் அந்த 'நெற்ஸ்', அதாவது கம்பிக்கு ஏன் காசு என்பதை எனக்கு ஒழுங்காகப் படிப்பித்தது ரோல்ஸ் பலகாரம் சுடும் ஒரு குசினி. அந்தக் கதையை எழுதினால் என் மரியாதை கொஞ்சம் குறையும். குறையட்டும், இந்த வயதில் அதை வைத்து என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் மின்னிணைப்பு வேலை படித்தேன். சுவிஸுக்கு வந்து அந்தப் படிப்போடு ஆறு ஆண்டுகள் ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பிறகு ஷாஃப்ஹவுசனுக்குக் கிட்டவுள்ள ஒரு சிறிய நகரத்தில் மின்பகுதிக்கு உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊரின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். முதலாண்டு ஏணி தூக்கினேன். இரண்டாமாண்டு ஏணியில் ஏறினேன். மூன்றாமாண்டு, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சைக்கிளும் ஒரு தோல்பையும் தந்து மீற்றர் பார்க்க அனுப்பினார்கள்.

என் மேலதிகாரியின் குடும்பப் பெயர் அம்மான். சத்தியமாக, அது அசல் சுவிஸ் பெயர்தான். "இண்டைக்கு அம்மான் ஏசினவர்" என்று வீட்டில் சொன்னால் என் மனைவிக்கு ஊரிலுள்ள தாய்மாமன்தான் நினைவுக்கு வருவார். இரண்டு பேரும் ஏசுவது ஒரே மாதிரி, அதாவது குரலை உயர்த்தாமல். அதனால் பெரிய குழப்பம் ஒன்றும் வரவில்லை.

அம்மான் எதையும் கட்டம் போட்ட தாளில்தான் எழுதுவார். கையில் கோடு கீறும் அடிமட்டம் ஒன்று இருக்கும். கடிதம் வாசிக்கும்போதும் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, வாசித்து முடித்த பிறகுதான் அடுத்த வரிக்கு இறக்குவார். யாராவது கோபத்தோடு கத்திக்கொண்டு உள்ளே வந்தால் பென்சிலைச் சீவத் தொடங்குவார். சீவி முடியும்போது வந்தவர் கதிரையில் இருந்திருப்பார். கத்துவதற்கு எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா.

இனி ஊசி. வீட்டு மீற்றரில் எண்கள் மட்டும் உருளும். எவ்வளவு மின்சாரம் பாவித்தீர்கள் என்பது அதில் தெரியும். கடை, வேலைத்தலம் போன்றவற்றின் மீற்றரில் கூடுதலாக ஒரு கறுப்பு ஊசி இருந்தது. அது பார்ப்பது வேறு விஷயம்: ஒரே சமயத்தில் எவ்வளவு இழுத்தீர்கள்? ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் சராசரி எடுக்கும். அந்த மாதத்தில் எந்தக் கால்மணியில் ஆகக் கூட இழுத்தீர்களோ, அந்த இடத்தில் போய் நிற்கும். மேலே போகும், தானாக இறங்காது. மாதத்துக்கு ஒருமுறை நான் போவேன். ஈய முத்திரையை வெட்டுவேன். ஊசி காட்டும் எண்ணை எழுதுவேன். ஒரு பித்தளைக் குமிழைத் திருப்பி ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவேன். புதிய முத்திரையைப் போட்டுக் குறட்டால் நெரிப்பேன். வாடிக்கையாளர் கையெழுத்து வைப்பார். ஒவ்வொரு குறட்டுக்கும் ஓர் எண் உண்டு, நெரிக்கும்போது அது ஈயத்தில் பதியும். என்னுடையது பதினான்கு. இந்த ஒழுங்கில் ஒரு படியை மாற்றிச் செய்தாலும் அம்மானுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

இந்த ஊசி எதற்கு என்று நான் அம்மானிடம் ஒருநாள் கேட்டேன். பதினொன்றரை மணிக்கு என்னைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு தாள் சுருளில் பேனா ஒன்று நகரத்தின் மொத்த இழுவையைக் கோடாக வரைந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் நேரம். கோடு மலை ஏறியது. அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். நகரத்துக் கட்டடங்களின் நிலக்கீழ் அறைகளில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் எல்லாம் அப்படியே நின்றன. என் மனைவி வாராவாரம் திட்டித் தீர்க்கும் ஆள் யார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எங்களுக்கும் ஓர் ஊசி இருக்கிறது. மேலேயுள்ள பெரிய கம்பனி வந்து அதைப் பார்க்கும்" என்றார் அம்மான். கம்பியும் மின்மாற்றியும் வாங்குவது சாதாரண நாளுக்கு அல்ல, ஆகக் கூடிய கால்மணிக்கு. ஆகவே காசும் அதற்குத்தான்.

எங்கள் ஆட்களுக்கு நான் இதைக் கல்யாண மண்டபம் என்று சொல்லி விளங்கப்படுத்துவேன். அறுநூறு பேருக்கு மண்டபம் எடுத்தால் வாடகை அறுநூறு பேருக்குத்தான். எண்பது பேர் வந்தார்கள் என்று பாதிக்காசைத் திருப்பிக் கேட்க முடியாது. அதிலும் எங்கள் நகரத்தில் குளிர்காலத்துக்கு ஒரு விதி இருந்தது. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரையான ஆறு மாதங்களில் ஊசி ஆக உயரம் போன மாதத்தின் எண்தான் ஆறு மாதத்துக்கும் கணக்கு.

அந்த ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்க ஒரே பேச்சு, மின்சாரச் சந்தையைத் திறக்கப்போகிறார்கள் என்று. அதுவரை ஓர் ஊருக்கு ஒரு கடைதான். மின்சாரத்தை வாங்குவது, கொண்டுவருவது, அளப்பது, பில் அனுப்புவது எல்லாம் நாங்களே. சந்தை திறந்தால் மின்சாரத்தை யாரும் விற்கலாம். ஆனால் ஒரே தெருவில் இரண்டு கம்பி யாரும் போடமாட்டார்கள். ஆகவே பில்லை இரண்டாக வெட்ட வேண்டும்: மின்சாரத்தின் விலை விற்பவருக்கு, கொண்டுவரும் கூலி கம்பிக்காரருக்கு. சுவிஸில் அப்போது சட்டம் வரவில்லை. என்றாலும் பக்கத்து நாடுகளைப் பார்த்துப் பயந்த எங்கள் இயக்குநர்கள் பில்லை இப்போதே வெட்டச் சொல்லிவிட்டார்கள். அம்மான் கட்டத்தாளை எடுத்து வெட்டினார்.

ராணி தன் குசினியைத் திறந்தது அந்தக் காலத்தில்தான்.

ராணிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. பெண் பிள்ளைகள் இரண்டு பேர். முதியோர் இல்லமொன்றின் குசினியில் ஏழு ஆண்டுகள் வேலை செய்து, சேர்த்த காசையும் சீட்டுக் காசையும் போட்டு, மூடிக்கிடந்த பழைய பேக்கரி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ரோல்ஸ், பற்றிஸ், இடியப்பம் செய்து தமிழ்க் கடைகளுக்குப் போடுவது திட்டம். வதிவிட அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. சமூக உதவிக் காசுக்குப் போனால் புதுப்பிப்பது சிக்கலாகிவிடும். குசினி நின்றால் அவரும் பிள்ளைகளும் இந்த நாட்டில் நிற்பார்கள், விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரத்துக்கு முன் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, எங்கடை ஆக்களுக்குள்ளை கரண்டு வேலை பாக்கிறது நீங்கள் ஒருத்தர்தான். மெயின் சுவிட்சை நீங்கள்தான் போட்டுத் திறந்து வைக்கோணும்."

"நான் வெறும் மீற்றர் பாக்கிற ஆள், ராணி" என்றேன்.

"எங்களுக்கு நீங்கள்தான் கவுண்மென்ற்" என்றார். ஒத்துக்கொண்டேன். யார்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்?

விஜயதசமி நாள். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. எனக்குக் கார்னேஷன் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பேக்கரியின் பின்சுவரிலிருந்த பெரிய கைப்பிடிக்கு முன்னால் நிறுத்தினார்கள். எல்லா இயந்திரமும் ஒரே நேரத்தில் உயிர்பெற வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக இரண்டு வெதுப்படுப்பு, பொரிக்கும் தாச்சி, இடியப்ப ஆவியடுப்பு, மா அரைக்கும் இயந்திரம், கோப்பை கழுவும் இயந்திரம், குளிரறை என்று ஏழினதும் சுவிட்சுகளை முதலே போட்டு வைத்திருந்தார்கள். நான் கைப்பிடியை மேலே தள்ளினால் போதும்.

பதினொன்றரைக்குத் தள்ளினேன். எல்லாம் ஒன்றாக உறுமியது. சனம் கைதட்டியது. ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். பிறகு கற்பூரம், பிறகு படம். வீடியோக்காரர் தம்பி ஒருவர் முதல் தடவை சரியாக விழவில்லை என்று சொல்லி, சுவிட்சை அணைக்காமல் கைப்பிடியில் கையை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். வெறும் அடுப்புகள் பின்னால் சூடேறிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் ஒருவர் வியர்க்கிறது என்று சொல்லி அடுப்புகளை நிறுத்தினார்.

மாதக் கடைசியில் தோல்பையோடு போனேன். ராணி தேத்தண்ணீர் தந்தார். முத்திரையை வெட்டி மூடியைத் திறந்தேன். ஊசி ஐம்பத்தெட்டில் நின்றது.

விழாவுக்குப் பின் அந்தக் குசினி அன்றாடம் இழுத்தது இருபத்திரண்டுக்கு மேல் போயிருக்காது. நான் எண்ணைச் சொல்லி, அது ஆறு மாதத்துக்கு என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். ராணி ஒரு மாக்கடுதாசிப் பையின் பின்புறத்தில் கணக்குப் பார்த்தார். அந்த மாதம் ரோல்ஸில் மிஞ்சியதை விடக் கம்பிக் காசு கூட வந்தது. திரும்பவும் பார்த்தார். திரும்பவும் அதேதான்.

"அண்ணை, நாங்கள் அண்டைக்கு ஒரு ரோல்ஸ் கூடச் சுடேல்லையே. சும்மாதானே ஓடினது."

"ஊசிக்குச் சும்மா ஓடினது, சுட்டது எண்டு வித்தியாசம் தெரியாது ராணி."

குரலைத் தாழ்த்தினார். "குமிழ் உங்கடை கைக்குக் கிட்டத்தானே கிடக்கு. ஒருக்காத் திருப்பிவிட்டு இருபத்திரண்டு எண்டு எழுதுங்கோ. என்ர பிள்ளையளுக்காகக் கேக்கிறன்."

"குறட்டிலை நம்பர் இருக்கு. ஏதும் பிழைச்சால் ஆர் செய்தது எண்டு ஈயம் சொல்லும்."

"நான் உங்களைத்தான் அண்ணை எண்டு கூப்பிட்டனான். குறட்டை இல்லை."

ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். முத்திரையை நெரித்தேன். ராணி வாசிக்காமல் கையெழுத்து வைத்தார், பேனா மூன்றாவது தாள்வரை பதிந்தது. தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டு வெளியே வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். ஏறி ஓட மனம் வரவில்லை. செய்தது சரி என்று தெரிந்தும் திருடனைப் போல இருந்தது.

அடுத்த நாள் காலை ராணி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, தன் குசினிக்கு இனி வேறு ஆளை அனுப்பும்படி கேட்டிருக்கிறார். அம்மான் என்னைக் கூப்பிட்டார். என்ன நடந்தது என்றார். நான் முழுவதும் சொன்னேன். விழா, ஏழு இயந்திரம், அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். ராணி ஊசியைத் திருப்பச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் கட்டத்தாளில் ஒவ்வொன்றாக எழுதினார். "இந்த நல்ல நேரத்தை யார் தீர்மானிப்பது?"

"பஞ்சாங்கம்."

"நிமிடக் கணக்காகவா?"

"ஓம், நிமிடக் கணக்காக."

அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். "எவ்வளவு நேரம் இருந்தது?"

"ஒன்றரை மணி."

கட்டங்களை எண்ணினார். "அப்படியானால் ஆறு கால்மணி. இயந்திரம் ஏழு. குளிரறை முதல் நாளே ஓடலாம். மற்ற ஆறையும் கால்மணிக்கு ஒன்றாகப் போட்டு நிறுத்தியிருந்தால் எல்லாமே நல்ல நேரத்துக்குள் வந்திருக்கும். அல்லது குளிரறைக்கும் நல்ல நேரம் வேண்டுமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, குளிரறைக்குத் தேவைப்படாது என்றேன். ஆயிரம் ஆண்டுகளாக ஒருவரும் யோசிக்காததை ஒரு சுவிஸ்காரர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

பிறகு அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கினார். "கைப்பிடியைத் தள்ளும்போது ஊசி உங்கள் நினைவில் இருந்ததா?"

"இல்லை. மறந்துவிட்டேன்."

'மறந்துவிட்டார்' என்று எழுதினார். தாளைக் கோப்பில் வைத்தார். "ஊசி பிழை செய்யவில்லை. எண் அப்படியே நிற்கும்" என்று சொல்லி, ராணியின் குசினியை என் பட்டியலிலிருந்து எடுத்து ஊர்ஸ் என்ற சக ஊழியரின் பட்டியலில் சேர்த்தார்.

டிசம்பரில் ஒருநாள் ராணி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அம்மான் இரண்டாக வெட்டிய புதுவகைப் பில் ஒரு கையில், வேறொரு தாள் மறுகையில். பெரிய நகரமொன்றிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஆள் கடை கடையாகப் போய்க் கொடுத்த தாள் அது. சந்தை திறந்ததும் எங்களிடம் மின்சாரம் வாங்குங்கள், கணிசமாக மலிவு, இப்போதே கையெழுத்து வையுங்கள் என்றிருந்தது. ராணிக்குக் குசினி ஜெர்மன் நன்றாக வரும். கட்டண ஜெர்மன் வராது, அது ஜெர்மன்காரருக்கே வராது. ஆகவே அம்மான் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். ராணி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலேயிருந்த கலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"இவரிட்டைச் சொல்லுங்கோ. நான் இவையின்ரை கரண்டை விடப்போறன். அவங்கள் மலிவாத் தாறாங்களாம். இவை வந்து தங்கடை ஊசியையும் கழட்டிக்கொண்டு போகட்டாம். அதை எழுதின ஆளையும் கூட்டிக்கொண்டு போகட்டாம்."

"விநியோகக்காரரை மாற்ற விரும்புகிறாராம்" என்றேன்.

அம்மான் என்னைப் பார்த்தார். "அவர் சொன்னது நீளமாக இருந்தது. நீங்கள் சொன்னது கட்டையாக இருக்கிறது."

மிச்சத்தையும் சொன்னேன், என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது உட்பட. அவர் தலையாட்டினார். கழுத்துப்பட்டிக்காரரின் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அடிமட்டம் வைத்து வாசித்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். பிறகு ராணியின் பில்லை மேசையில் விரித்தார்.

"சட்டம் வந்தால் இந்த மனிதரால் மாற்றித்தரக்கூடியது இந்த வரியை. மின்சாரத்தின் விலை. உங்கள் பில்லில் சின்ன வரி இதுதான்." அடிமட்டத்தை இறக்கினார். "உங்களை வருத்துவது இந்த வரி. கொண்டுவரும் கூலி. நாளைக்கு நீங்கள் மின்சாரத்தைச் சந்திரனிலிருந்து வாங்கினாலும் உங்கள் தெருவுக்குள் அது என் கம்பியால்தான் வரவேண்டும். இந்த வரியைக் குறைத்துத்தர என்னால் மட்டும்தான் முடியும். நான் குறைக்க மாட்டேன். உங்களுக்குக் குறைத்தால் அதைத் தெருவில் மற்றவர்கள் கட்ட வேண்டும்."

சொல்லுக்குச் சொல் சொன்னேன். ராணி கதிரையில் இருந்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"அப்ப என்ன, மூடிப்போட்டுப் போகச் சொல்லுறாரோ? ரெண்டு குமருகளையும் கொண்டுபோய் நான் சோஷியல் வாசலிலை நிக்கிறதோ?"

இதை மொழிபெயர்க்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு அது அழகல்ல. அம்மான் பென்சிலை எடுத்துச் சீவினார். கூர் ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. சீவி முடித்து, ஊர்ஸ் எழுதிக்கொண்டு வந்த நவம்பர் எண்ணைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு. ஐம்பத்தெட்டிலிருந்து இருபத்திரண்டு போனால் முப்பத்தாறு. இந்தப் பெண்மணி மார்ச் முடியும்வரை முப்பத்தாறு கிலோவாட்டுக்கு வீணாகக் காசு கட்டுகிறார். ஏன் அதைப் பாவிக்கவில்லை?"

சொன்னேன். நக்கல் அடிக்கிறார் என்று ராணி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பவும் சொன்னார். மார்ச் கடைசிவரை எல்லா அடுப்பையும் ஒன்றாக ஓடவிட்டாலும், ஐம்பத்தெட்டைத் தாண்டாதவரை, கொண்டுவரும் கூலி ஒரு ராப்பன் காசுகூட ஏறாது. பாவிக்கும் மின்சாரத்துக்கு மட்டும்தான் மேலதிகக் காசு. அதுவோ சின்ன வரி.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்தேன், என் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன். "ராணி, அறுநூறு பேரின்ரை மண்டபத்துக்கு வாடகை கட்டியாச்சு. இனித் திருப்பித் தரமாட்டினம். சனத்தைக் கூப்பிடுங்கோ."

ராணி பில்லை எடுத்து மடித்தார். கழுத்துப்பட்டிக்காரரின் தாளை அம்மானின் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். வாசலில் நின்று "மார்ச் எத்தினையாந் திகதிவரை?" என்று கேட்டார்.

"முப்பத்தோராந் திகதி."

போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மான் சொந்த நேரத்தில் அந்தக் குசினிக்குப் போயிருக்கிறார். கையில் ஒரு நிறுத்தற் கடிகாரம், சொந்த வீட்டுத் தேத்தண்ணீர்ப் போத்தல், கட்டத்தாள். எந்த அடுப்பு எவ்வளவு நேரத்தில் சூடாகிறது, எது எதனோடு சேர்ந்து ஓடலாம் என்று ஒரு பட்டியல் போட்டு, ஐம்பத்தெட்டைத் தாண்டாமல் ஆகக் கூடுதலாக எத்தனை ரோல்ஸ் சுடலாம் என்பதையும் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். ஒரு ரோல்ஸ் வாங்கிக் காசு கொடுத்துச் சாப்பிட்டாராம். திங்கட்கிழமை என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "காரம்."

ராணி அந்தக் குளிர்காலத்தில் என்ன செய்தார் என்பதை நான் ஊர்ஸ் மூலம்தான் அறிந்தேன். சூரிச், பேர்ண் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் தானே போய்ப் பேசியிருக்கிறார். பொங்கல் ஓடர், பெண் பிள்ளைகளின் சாமத்தியவீடு, கல்யாண வீடு, பிறகு ஒரு சுவிஸ் விளையாட்டுக் கழகத்தின் விழாவும். பகல் முழுக்க எல்லா அடுப்பும் ஒன்றாக எரிந்தன. வேலைக்கு இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்தார். ஜனவரியில் ஊசி ஐம்பத்தொன்று, பெப்ரவரியில் ஐம்பத்தாறு. ஊர்ஸ் ஒவ்வொரு மாதமும் ஒரு பை ரோல்ஸோடு திரும்பி வருவார், எனக்கும் ஒன்று தருவார். சாப்பிட்டேன். எனக்கென்று ராணி தந்துவிடாத ரோல்ஸ் தொண்டையால் இறங்குவது கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் இறங்கியது.

சந்தை என்ன ஆனது என்று கேட்பீர்கள். கழுத்துப்பட்டிக்காரர் திரும்ப வரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது நாடு வேண்டாம் என்றது. அதற்கும் பிறகு பெரிய பாவனையாளர்களுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் ஒரே கடைதான். பில் மட்டும் அம்மான் வெட்டிய மாதிரியே இரண்டாக வருகிறது.

மார்ச் மாத எண்ணை எழுத ஏப்ரல் முதலாந் திகதி ஊர்ஸ் போயிருக்க வேண்டும். அவர் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டார். நான் போக வேண்டி வந்தது.

ராணி வாசலில் என்னைக் கண்டு விலகி வழிவிட்டார். மீற்றர்ப் பெட்டியைக் காட்டிவிட்டு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். ஊசி ஐம்பத்தேழில் நின்றது. எழுதினேன், திருப்பினேன், நெரித்தேன். தாளை நீட்டினேன். இந்த முறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கோணும்."

"கேளுங்கோ."

"ஊசியைத் திருப்பச் சொன்னது என்ர பிழை. அதை நான் ஒத்துக்கொள்ளுறன். நீங்கள் மாட்டன் எண்டதும் சரி. ஆனா நான் இந்த ஆறு மாசமும் ஒண்டைத்தான் யோசிச்சனான். எனக்கு ஊசியைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஐயருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே? கைப்பிடியைத் தள்ளேக்கை உங்களுக்கு ஞாபகம் வரேல்லையோ?"

மற்றப் பெண்கள் கையை நிறுத்தவில்லை, ஆனால் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பொய் சொல்லியிருக்கலாம். ஒருமுறை சொன்ன பொய், பழகியிருந்தது.

"ஞாபகம் வந்தது" என்றேன். "கையை வைச்ச உடனை வந்தது. ஏழும் ஒண்டா ஓடப்போகுது எண்டு தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"மாலை போட்டிருந்தியள். எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவை. இந்த நாட்டுக்கு வந்து பத்து வருசத்திலை அண்டைக்குத்தான் என்னை ஒரு இடத்திலை முன்னுக்கு விட்டவை. ஒரு நிமிசம் பொறுங்கோ, ஒண்டொண்டாப் போடுவம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. கால்மணிக்குள்ளை நிப்பாட்டிப்போடுவினம் எண்டு நினைச்சன். பிறகு வீடியோக்காரன் சிரிக்கச் சொன்னவன்."

ராணி கையிலிருந்த மாவைத் துடைத்தார். அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இதை அம்மானுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. மறந்துபோனன் எண்டுதான் சொன்னனான்."

"நான் திருப்பச் சொன்னதை மட்டும் சொன்னனீங்கள்."

ஓம் என்றேன்.

"போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றார். திரும்பிப்போய் ரோல்ஸ் சுற்றத் தொடங்கினார்.

சைக்கிளில் நேரே அலுவலகத்துக்குப் போனேன். அம்மான் பில்லை வெட்டிக்கொண்டிருந்தார். கதவடியில் நின்றபடியே, விழா நாளில் நான் மறக்கவில்லை, தெரிந்துதான் தள்ளினேன் என்றேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அவர் எழுந்துபோய்க் கோப்பை எடுத்தார். அந்தக் கட்டத்தாளைக் கண்டுபிடித்தார். 'மறந்துவிட்டார்' என்ற சொல்லின் மேல் அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு கீறினார். பேனாவை என்னிடம் தந்தார். நான் மேலே 'தெரிந்திருந்தது' என்று ஜெர்மனில் எழுதி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்து வைத்தேன். மை காயும்வரை அவர் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்போது சொல்கிறீர்கள்?"

"அவர் கேட்டார்" என்றேன்.

"நானும் கேட்டேன்" என்றார் அம்மான்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அதை இவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன். அந்த மனிதர் என் சொல்லை ஒரு மீற்றரின் எண்ணைப் போல எடுத்து, திருப்பிப் பார்க்காமல் எழுதியிருந்தார். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தாளைக் கோப்பில் வைத்து, கோப்பை அலுமாரியில் வைத்து, அடுத்த வேலையைப் பார்க்கச் சொன்னார். ஜூன் கடைசியில் புதிய பட்டியல் வந்தபோது ராணியின் குசினிக்கு நேரே என் பெயர் இருந்தது. ஊர்ஸின் கால் அப்போது சுகமாகிவிட்டிருந்தது. ராணி கேட்டுப் போட்டதா, அம்மான் தானாகப் போட்டதா என்று நான் இருவரிடமும் கேட்கவில்லை.